நான்காவது மாடியில் பத்து நிமிடம்

அவனுக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தவர்கள் லிஃப்ட் கம்பெனியில் அவனோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள்தான். பெயர்க்காரணம் யாரும் கேட்டதில்லை, அவனை ஐந்து நிமிடம் பார்த்தாலே விளங்கிவிடும். சாப்பிடும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். பஸ் வரத் தாமதம் என்றால் அடுத்த நிறுத்தத்துக்கு நடந்துவிடுவான். சினிமாவுக்குப் போனால் இடைவேளைக்கு முன்பே இரண்டு தடவை வெளியே போய்விட்டு வருவான். அப்படிப்பட்டவனுக்கு லிஃப்ட் மெக்கானிக் வேலை அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. லிஃப்ட் ஓடினால் அவனைக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால் லிஃப்ட் ஓடவில்லை என்று அர்த்தம், மொட்டைமாடியில் இருக்கும் மெஷின் ரூமுக்குப் படியேறித்தான் போக வேண்டும். மற்றவர்கள் மாடிக்கு மாடி நின்று முனகிக்கொண்டு ஏறுவார்கள். இவன் இரண்டிரண்டு படியாகத் தாவி, அவர்கள் வந்து சேர்வதற்குள் பாதி வேலையை முடித்திருப்பான்.

நாற்பது வயதில் அது நின்றுபோனது. முதலில் ஐந்தாவது மாடியில் மூச்சு வாங்கியது, சில மாதங்களில் மூன்றாவது மாடியிலேயே. வயதாகிறது, தொப்பை விழுகிறது என்று தனக்குத்தானே ஏதேதோ சொல்லிக்கொண்டான். ஒருநாள் வீட்டுப் படியில் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது கண் இருட்டியது. விழித்துப் பார்த்தபோது கீழ்ப்படியில் கிடந்தான். தாடையில் நான்கு தையல் போட்டார்கள்.

மனைவி அவனை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக இழுத்துக்கொண்டு அலைந்தாள். கையில் பட்டை கட்டிப் பார்த்த இடத்தில் எல்லாம் ரத்த அழுத்தம் சரியாகத்தான் இருந்தது. கடைசியில் ஒரு நுரையீரல் டாக்டரம்மா, கழுத்து ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயத்துக்குள் அனுப்பி அளந்து பார்த்துவிட்டு உட்கார வைத்துச் சொன்னார்.

"கையில பாக்குற பிரஷர் வேற, இது வேற. உங்க நுரையீரலுக்குள்ள ஓடுற ரத்தக்குழாய் எல்லாம் இறுகிப்போயிருக்கு. அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத்தோட வலது பக்கம் ஓஞ்சுபோச்சு. அதான் படி ஏறினா கண்ணு இருட்டுது."

மாத்திரை கொடுத்தார்கள். நாலு மாதம் பார்த்தும் போதவில்லை. அப்புறம்தான் அந்தக் கருவி வந்தது. உள்ளங்கையில் அடங்குகிற அளவு. சின்னக் கண்ணாடிக் குப்பியை உடைத்து அதில் மருந்தை ஊற்றினால், புகைபோல மெல்லிய ஆவியாக்கிக் கொடுக்கும். வாய்க்குழலைக் கவ்விக்கொண்டு நிதானமாக உள்ளே இழுக்க வேண்டும்.

"மாத்திரை ஒடம்பு பூரா சுத்தும். இது நேரா நுரையீரலுக்குப் போயி, அங்க இருக்கிற குழாயைத் தளர்த்திவிடும்" என்றார் டாக்டரம்மா. "ஆனா வேகமாத் தீர்ந்துடும். அதனால ஒரு நாளைக்கு ஏழு வேளை. ரெண்டு வேளைக்கு நடுவுல ரெண்டு மணி நேரமாவது இடைவெளி விடணும். ஒவ்வொரு வேளையும் பத்து நிமிஷம், உக்காந்து இழுக்கணும்."

"உக்காந்தா?" என்றான் அவன்.

நுரையீரல் இறுகியது, இதயம் ஓய்ந்தது எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு, உட்கார வேண்டும் என்பதுதான் தலையில் இடியாக இறங்கியது. பக்கத்தில் இருந்த மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பத்து நிமிடம் என்பது அவ்வளவு நீளம் என்று அவனுக்கு அதுவரை தெரியாது. அவசரமாக இழுத்தால் கருவியில் சிவப்பு விளக்கு எரியும், நிதானமாக இழுத்தால் பச்சை. அவனுக்குச் சிவப்புதான் அதிகம் எரிந்தது. மருந்து உள்ளே போனதும் முகம் சூடாகிச் சிவக்கும், முதல் வாய் சாப்பாட்டை மெல்லும்போது தாடை வலிக்கும், தலை கனக்கும். எழுந்தவுடன் நடந்தால் தள்ளாடும். இவ்வளவையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் பத்து நிமிடம் முடிந்து எழுந்தால், அடுத்த வேளை எப்போது என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். காலை முழுக்க அந்தக் கணக்குதான். பகல் முழுவதையும் யாரோ துண்டு துண்டாக நறுக்கி அவன் கையில் கொடுத்ததுபோல இருந்தது.

கம்பெனியில் அவன் மூச்சுவிடவில்லை. வீசிங் என்று மட்டும் சொல்லிவைத்திருந்தான். வண்டிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வேளை, முடிந்தால் இரண்டு. மற்றதெல்லாம் நழுவிப்போகும்.

அவன் மனைவி ஆடைத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவள். ஒரு சட்டையில் ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. மாதக் கடைசியில் மருந்துப் பெட்டியைத் திறந்தாள்.

"என்னங்க, இது போன வாரமே தீர்ந்திருக்கணும். பாதி அப்படியே கிடக்கு."

"வேலைக்கு நடுவுல எப்படி..."

"ஆபீஸ்ல சொல்லிட்டேன்னீங்களே?"

அவன் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். கட்டி முடித்த கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினான்.

"சொன்னா என்னைத் தூக்கி ஒரு மூலையில உக்கார வெச்சிடுவாங்க."

"ஓஹோ. எங்கயாவது படியில விழுந்து கிடந்தாத் தேவலையா?"

"அப்படி எல்லாம் ஆகாது."

"ஒரு தடவை ஆச்சே! அந்தத் தாடையைக் கண்ணாடியில பாருங்க."

அதற்குப் பிறகு மூன்று நாள் அவர்களுக்குள் பேச்சு சாப்பாடு, சாவி, குழாய்த் தண்ணீர் என்ற அளவோடு நின்றது. நான்காம் நாள் காலையில் அவன் முதல் வேளையை அவள் கண் முன்னால் இழுத்துவிட்டுக் கிளம்பினான். பத்தரைக்கு எடுக்க வேண்டிய அடுத்த வேளையை வழக்கம்போல விட்டுவிட்டான். பதினொன்றுக்குப் போன் வந்தது.

ஒன்பது மாடிக் குடியிருப்பு. லிஃப்ட் நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது, உள்ளே ஓர் ஆள். பம்பரத்தோடு ஜோடியாக வேலை பார்ப்பவன் ஊரின் அந்தக் கோடியில் இருந்தான்.

"நான் வர முக்கால் மணி நேரம் ஆகும்பா. நீ சமாளிப்பியா?"

"இது என்ன பெரிய விஷயம்?" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

வாசலிலேயே காவலாளி ஓடிவந்தார். "அண்ணே, உள்ள மாட்டிக்கிட்டது நம்ம சலூன்காரர். ஏழாவது மாடியில படுத்த படுக்கையா இருக்கிற ஒருத்தருக்கு முடிவெட்டப் போனாரு. மூச்சு முட்டுதுன்னு கத்துறாரு."

பையைத் தோளில் போட்டுக்கொண்டு பம்பரம் படியில் கால் வைத்தான். பழக்கதோஷம், முதல் மாடிக்கு இரண்டிரண்டு படியாக ஏறிவிட்டான். இரண்டாவது மாடியில் நெஞ்சுக்குள் யாரோ முழங்கையை ஊன்றியதுபோல் இருந்தது. மூன்றாவதில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். நான்காவது மாடியை எட்டியபோது சுவரின் வெள்ளை மங்கிச் சாம்பலாகி, ஓரங்களில் கறுத்துக்கொண்டு வந்தது. அந்தக் கறுப்பு அவனுக்குத் தெரிந்த கறுப்புதான். சட்டென்று தரையில் உட்கார்ந்துவிட்டான்.

லிஃப்ட் கதவுக்குப் பின்னால், தலைக்கு மேலே இருந்து குரல் வந்தது. "யாருங்க அது? ஆள் வந்தாச்சா?"

"வந்தாச்சுண்ணே" என்றான். அந்த ஒரு சொல்லுக்கே மூச்சைத் திரட்ட வேண்டியிருந்தது.

"தம்பி, இதுக்குள்ள காத்தே இல்ல. நான் செத்துருவேன்போல இருக்கு."

"காத்து வரும்ணே. மேல... கீழ... ஓட்டை வெச்சிருக்கு. நாள் பூரா இருந்தாலும்... ஒண்ணும் ஆகாது."

மூச்சுக்குக் குறைவில்லாத மனிதர் மூச்சு முட்டுகிறது என்கிறார், மூச்சே இல்லாத நாம் அவருக்குத் தைரியம் சொல்கிறோம் என்று நினைத்தபோது அந்த நிலையிலும் அவனுக்குச் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

காவலாளி பின்னாலேயே ஏறி வந்திருந்தார். "அண்ணே, என்ன செய்யணும்னு சொல்லுங்க, நான் மேல போயி செஞ்சிடுறேன்."

"வேணாம்." அதில் மட்டும் அவனுக்குச் சந்தேகம் இல்லை. பிரேக்கைத் திறக்கத் தெரியாதவன் திறந்தால் லிஃப்ட் நினைத்த இடத்தில் நிற்காது. உள்ளே ஓர் ஆள்தான், மறுபக்கம் தொங்கும் எடையைவிடப் பெட்டி லேசு, பிரேக்கை விட்டதும் அது மேல்நோக்கி ஓடும். கைப்பழக்கம் வேண்டும். தான்தான் போக வேண்டும். இன்னும் ஐந்து மாடி, அதற்கு மேலே மொட்டைமாடி. இப்படியே ஏறினால் ஆறாவது மாடியில் விழுவான், கண்டிப்பாக விழுவான். அப்புறம் லிஃப்டுக்குள் ஒருவர், படியில் ஒருவன்.

டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. கடினமான வேலை இருந்தால் அதற்கு முன்னால் ஒரு வேளை இழுத்துவிடுங்கள். பையைத் திறந்து கருவியை எடுத்தான். அவசரத்தில் முதல் குப்பி தரையில் விழுந்து உடைந்தது. இரண்டாவதை இரு கையாலும் பிடித்து உடைத்து ஊற்றினான்.

"அண்ணே, ஒரு பத்து நிமிஷம் என்னால பேச முடியாது. இங்கயேதான் இருக்கேன். நீங்க பேசுங்க, நான் ஸ்பேனரால கதவைத் தட்டுறேன்."

"பத்து நிமிஷமா! ஏன் தம்பி?"

அவன் வாய்க்குழலைக் கவ்விக்கொண்டுவிட்டான். சிவப்பு எரிந்தது. கண்ணை மூடி, மெதுவாக, இன்னும் மெதுவாக. பச்சை.

சலூன்காரர் பேச்சையே தொழிலாகக் கொண்டவர். பயத்தில் அது இன்னும் பெருகியது. தன் சர்க்கரை நோய், கடையில் உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளர்கள், மருமகனுக்கு முடி கொட்டுவது என்று ஒன்றுவிடாமல் சொன்னார். "இருக்கியா தம்பி?" என்று நடுநடுவே கேட்டார். அவன் தட்டினான். டங்.

மூன்றாவது நிமிடத்தில் மேலே இருந்து குடியிருப்போர் சங்கச் செயலாளர் இறங்கி வந்தார். பின்னால் நாலைந்து பேர்.

"ஏம்ப்பா, உள்ள ஒரு மனுஷன் உசுருக்குப் போராடிக்கிட்டு இருக்கான். நீ என்னன்னா ஹாயா உக்காந்து புகை விட்டுக்கிட்டு இருக்கே!"

பம்பரம் குழலைப் பல்லால் கவ்விக்கொண்டு இரு கையையும் காட்டினான். ஏழு விரல். ஏழு நிமிடம். அது அவர்களுக்குக் கேலிபோலத் தெரிந்தது.

"திமிரைப் பாத்தியா? எடுப்பா போனை, வீடியோ எடு. கம்பெனிக்கு அனுப்பலாம்."

வாயிலிருந்து குழலை எடுத்து இரண்டே வார்த்தை சொல்லியிருக்கலாம். எடுத்தால் மருந்து நின்றுவிடும், நேரம் நீளும், உள்ளே இருப்பவருக்கும் நீளும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. ஒரு வருடமாக யாரிடமும் சொல்லாததைப் படிக்கட்டில் நின்று முறைக்கும் இவர்களிடம் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. காது மடல்வரை சூடேறியது மருந்தாலா அவமானத்தாலா என்று அவனுக்கே தெரியவில்லை. எழுந்து ஓட வேண்டும்போல் கால் துடித்தது. வலது முழங்காலை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். பச்சை. பச்சை. சிவப்பு. பச்சை.

அப்போது நான்காவது மாடி வீட்டுக் கதவு ஒன்று திறந்து, நிறைமாதக் கர்ப்பிணிப் பெண் வெளியே வந்தாள். சத்தம் கேட்டு வந்தவள் நேராக அவன் அருகில் வந்து குனிந்தாள். அவன் பாம்பைக் கண்டதுபோல் பதறிக் கருவியை அணைத்துச் சட்டைக்குள் பொத்திக்கொண்டான்.

"கிட்ட வராதம்மா! இது மருந்து. நுரையீரலுக்கு இழுக்கிற மருந்து. வயித்துல பிள்ளையோட இதைச் சுவாசிக்கக் கூடாது. உள்ள போ, கதவைச் சாத்திக்கோ."

அந்தப் பெண் இரண்டு அடி பின்வாங்கி, அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு செயலாளரைப் பார்த்தாள்.

"அந்த ஜன்னலைத் தொறந்து விடுங்க மாமா" என்று அவரிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். செயலாளர் போய்ப் படிக்கட்டு ஜன்னலைத் திறந்தார். போன் வைத்திருந்தவன் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டான். ஆனால் அனுப்ப வேண்டியதை அதற்குள் அனுப்பிவிட்டிருந்தான்.

மீதி நான்கு நிமிடத்தைப் பம்பரம் முடித்தான். சலூன்காரர் இப்போது பேசவில்லை. அது அவனுக்குப் பேச்சைவிடப் பெரிய தொல்லையாக இருந்தது. அவனாகவே தட்டினான். டங். பதில் இல்லை. டங் டங்.

"இருக்கேன், இருக்கேன்" என்றது குரல். "நீ சொன்னதைக் கேட்டேன். மெதுவா இழு தம்பி. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். தலை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. நெஞ்சில் ஊன்றியிருந்த முழங்கை எடுபட்டிருந்தது. ஐந்தாவது மாடிக்கு ஒவ்வொரு படியாக ஏறினான். நின்றான். ஆறாவது. நின்றான். பின்னால் காவலாளி அவன் பையைச் சுமந்துகொண்டு வந்தார். அவன் நின்ற இடத்தில் அவரும் நின்றார். வாழ்க்கையில் முதல்முறையாக அவன் ஒரு மாடியை எண்ணி ஏறினான், பதினெட்டுப் படி இருந்தது.

மெஷின் ரூமில் கை தன் வேலையைத் தானே செய்தது. மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டினான். பிரேக் லீவரை மாட்டினான். துளி திறந்தான், கயிறு நகர்ந்தது, மூடினான். துளி திறந்தான், மூடினான். கயிற்றில் இருந்த மஞ்சள் கோடு ஐந்தாவது மாடிக்கான அடையாளத்தில் வந்து நின்றதும் கையை எடுத்தான். இறங்கி வந்து, மெக்கானிக்குகளிடம் மட்டும் இருக்கும் முக்கோணச் சாவியால் ஐந்தாவது மாடியில் லிஃப்ட் கதவைத் திறந்தான்.

சலூன்காரர் தன் தோல்பையின்மேல் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க வேர்வை. யாரோ நீட்டிய தண்ணீரை வாங்கி, பம்பரத்தின் சிவந்த முகத்தைப் பார்த்துவிட்டு அவனிடமே நீட்டினார்.

"நீ முதல்ல குடி. என்னைவிட நீதான் மோசமா இருக்கே."

குடித்தான். அவர் ஏழாவது மாடிக்குப் படியிலேயே ஏறிப்போனார். படுத்திருப்பவர் காத்திருப்பாராம்.

மறுநாள் காலை சூப்பர்வைசர் கூப்பிட்டனுப்பினார். பம்பரமும் அவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். மேசைமேல் போனை வைத்து அந்த வீடியோவை ஓடவிட்டார். முப்பத்தெட்டு நொடி. அதில் ஒருவன் தரையில் உட்கார்ந்து வெள்ளைப் புகை விட்டுக்கொண்டு ஏழு விரலைக் காட்டினான்.

"என்னடா இது?"

வீசிங் என்ற சொல் அவன் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. ஒரு வருடமாகச் சொல்லிப் பழகிய சொல். அதை விழுங்கிவிட்டு, உட்காராமல், மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். நுரையீரல், இதயம், ஏழு வேளை, விட்டுப்போன வேளைகள், தாடைத் தையல்.

சூப்பர்வைசர் போனை எடுத்து மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"போன மாசம் பதினோரு மாடிக் கட்டடத்துல, லிஃப்ட் கூரைமேல உன்னைத் தனியா நிக்கவிட்டேனே" என்றார். "அங்க உனக்குக் கண்ணு இருட்டியிருந்தா? உன் வீட்டுக்காரிகிட்ட நான் என்னடா சொல்லியிருப்பேன்?"

"தப்புதான்."

"தப்புதான்னு சொல்லிட்டு நீ போயிடுவே. சாவியைக் கொடு."

முக்கோணச் சாவியை வளையத்திலிருந்து கழற்ற அவனுக்கு நேரம் பிடித்தது. நகம் வழுக்கியது. சூப்பர்வைசர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்று வாரம் கட்டாய விடுப்பு. வீட்டில் அவன் பட்ட பாடு சொல்லி மாளாது. ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றித் துடைத்து மாட்டினான். சத்தமே போடாத கதவுக்கு எண்ணெய் விட்டான். மனைவி வேலையிலிருந்து வந்து, இடம் மாறியிருக்கும் சாமான்களைத் தேடித் தேடிக் களைத்தாள். ஆனால் மருந்துப் பெட்டி கணக்காகக் குறைந்தது. ஏழு வேளையும் தவறவில்லை. முதலில் வேறு வேலை இல்லை என்பதால். இரண்டாவது வாரம், மாடிக்குத் துணி காயப்போடப் போனவன் நடுவில் நிற்காமல் திரும்பி வந்ததைத் தானே கவனித்ததால்.

"மூச்சு வாங்கலை" என்று அவளிடம் வந்து சொன்னான், யாரோ தன்னை ஏமாற்றிவிட்டதுபோன்ற முகத்தோடு.

"சொன்னா யாரு கேட்டா?" என்றாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவனுக்குப் பிடித்ததாக இரண்டு வைத்தாள். முதல் வாய்க்குத் தாடை வலிக்கும் என்று தெரிந்து, மெல்ல வேண்டாதபடி குழைவாகச் செய்திருந்தாள்.

விடுப்பு முடிந்ததும் கம்பெனியில் அவனுக்கு அவசர அழைப்பு மேசையைக் கொடுத்தார்கள். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் பொத்தானை அழுத்தினால் மணி அவனிடம் அடிக்கும். அவன் பயந்ததுபோலவே அது மூலைதான், ஜன்னல்கூடக் கிடையாது. முதல் வாரம் இரண்டு தடவை ராஜினாமா எழுதிக் கிழித்தான். மெக்கானிக்குகள் சாவி குலுங்க வெளியே கிளம்பும் நேரத்தில் அவனால் அந்தப் பக்கம் பார்க்க முடியாது. தலையில் மாட்டும் போனுக்கு நீள ஒயர் கேட்டு வாங்கி, நின்றுகொண்டும் நடந்துகொண்டும் பேசினான். மாட்டிக்கொண்டவர்களிடம் வாயைத் திறந்ததும் விதிமுறை பேச மாட்டான். உங்க பேச்சு எனக்குத் தெளிவாக் கேக்குது, நான் எங்கயும் போக மாட்டேன் என்பான். அவன் மருந்து இழுக்கும் நேரத்தில் பக்கத்து மேசைக்காரி அழைப்பை எடுத்துக்கொள்வாள். அவன் வேலை பிடித்திருக்கிறதா என்று யாராவது கேட்டால், "பரவாயில்ல" என்பான். அதில் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

ஆறு மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் நடைப் பரிசோதனை. நீளமான தாழ்வாரத்தில் இரண்டு பக்கமும் அடையாளம் வைத்து, ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறான் என்று அளப்பார்கள். முதல்முறை நடந்தபோது முந்நூற்றுப் பத்து மீட்டர், நடுவில் இரண்டு தடவை சுவரில் சாய்ந்திருந்தான். இம்முறை மனைவியும் லீவு போட்டுவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"ஓடக் கூடாது. உங்க வேகத்துல நடங்க" என்றாள் நர்ஸ்.

"என் வேகம் அதுதாங்க" என்றான்.

போனான், திரும்பினான், போனான். நர்ஸ் கையில் கடிகாரத்தோடு கூடவே வர முயன்று, பாதியில் விட்டுவிட்டாள். மனைவி அவன் கால்களைப் பார்க்கவில்லை, உதடுகளின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிறம் மாறவில்லை. ஆறு நிமிடம் முடிந்ததும் மணி அடித்தது. முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.

டாக்டரம்மா எண்ணைப் பார்த்துத் தலையசைத்தார். நோய் எங்கும் போய்விடவில்லை, இதே மருந்து எத்தனை வருடத்துக்குப் போதும் என்று இப்போதே சொல்ல முடியாது, ஒரு வேளைகூட விடக் கூடாது என்று நிதானமாகச் சொன்னார். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். கால் மட்டும் மேசைக்கு அடியில் ஆடிக்கொண்டிருந்தது.

"வேற ஏதாவது கேக்கணுமா?" என்றார் டாக்டரம்மா.

"இன்னொரு தடவை நடந்து பாக்கலாமா? நானூறுக்கு எட்டுதான் குறையுது."